கடையில் கிடைப்பது பாதி பேரிங்தான்

மாணவர்களே, சைக்கிளில் மேட்டிலிருந்து இறங்கும்போது யாரும் மிதிப்பதில்லை. கால்கள் ஓய்வெடுக்கும், சக்கரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பின்சக்கரத்தின் நடுவிலிருந்து ‘டிக் டிக் டிக்’ என்று ஓசை கேட்கும். சமதரை வந்ததும் மறுபடி மிதிக்கிறீர்கள். உடனே சங்கிலி சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு திசையில் பிடிப்பு, மறு திசையில் விடுப்பு. இந்த வசதி இல்லாத சைக்கிளில் இறக்கத்தில் சென்றால், மிதிகட்டைகள் உங்கள் கால்களையும் சேர்த்துச் சுற்றிவிடும்.

ரேடியோவால் இயக்கும் மாதிரி ஹெலிகாப்டருக்குள்ளும் இதே வேலையைச் செய்யும் ஒரு பாகம் உண்டு. அதன் பெயர் ஒருவழி பேரிங். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். சைக்கிளைப் போல ஓசையும் எழுப்பாது. விழுந்து அடிபட்ட ஹெலிகாப்டரைப் பிரித்துச் சீர்செய்யும் மாணவர்கள் இறக்கைகளையும் பல்சக்கரங்களையும் பார்த்துப் பார்த்து மாற்றுவார்கள். இந்தச் சிறு பாகத்தை மட்டும் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி உள்ளே தள்ளிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

அங்கேதான் தொல்லை தொடங்குகிறது. ஏனென்றால், கடையில் நீங்கள் வாங்கி வருவது பாதி பேரிங்தான். மீதிப் பாதியைப் பொருத்துகிறவர்தான் செய்து முடிக்க வேண்டும். அது எப்படி என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

மோட்டார் நின்ற பிறகு

முதலில் இந்த பேரிங் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். மின்சார மாதிரி ஹெலிகாப்டரில் மோட்டாரின் தண்டில் ஒரு சிறிய பல்சக்கரம் இருக்கும். அது ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். பெரிய பல்சக்கரத்தின் நடுவில் உள்ள உலோகப் பகுதியை ஹப் என்பார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்தில் இந்த நடுப்பகுதிக்குக் குடம் என்று பெயர். ஹப்புக்குள் ஒருவழி பேரிங், பேரிங்குக்குள் ஸ்லீவ் எனப்படும் எஃகுக் குழல், ஸ்லீவுக்குள் முதன்மைத் தண்டு. தண்டின் உச்சியில் சுழலி. சுழலியில் இரண்டு இறக்கைகள்.

மோட்டார் ஓடும்போது பேரிங் பூட்டிக்கொள்கிறது. ஹப், ஸ்லீவ், தண்டு, சுழலி எல்லாம் ஒரே துண்டுபோலச் சுற்றுகின்றன. மோட்டார் நின்றுவிட்டால் ஹப்பும் நின்றுவிடும். அப்போது பேரிங் பிடியை விட்டுவிடுகிறது. சுழலி தன் போக்கில் தொடர்ந்து சுற்றுகிறது.

அப்படிச் சுற்றுவதால் என்ன லாபம்? ஒரு கணக்குப் போடுவோம். 450 வகை என்று சொல்லப்படும் மாதிரி ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடை ஏறத்தாழ 800 கிராம் என்றும், இறக்கை ஒன்றின் எடை 40 கிராம் என்றும், சுழலியின் ஆரம் 35 செ.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். சுழலி நிமிடத்துக்கு 2500 சுற்றுச் சுற்றட்டும். அந்த வேகத்தில் இரண்டு இறக்கைகளிலும் சேர்ந்திருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 112 ஜூல். 800 கிராம் எடையை 14 மீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவையான ஆற்றலும் இதே அளவுதான். நான்கு மாடிக் கட்டடத்தின் உயரத்தைவிட இது அதிகம்.

மோட்டார் நின்ற பிறகும் இவ்வளவு ஆற்றல் சுழலியில் இருக்கிறது. வானோட்டி உடனே இறக்கைகளின் கோணத்தைக் குறைக்க வேண்டும். ஹெலிகாப்டர் கீழே இறங்கும்போது கீழிருந்து மேலே பாயும் காற்று, காற்றாடியைச் சுற்றுவதுபோலச் சுழலியைத் தொடர்ந்து சுற்றவைக்கும். தரையை நெருங்கியதும் கோணத்தை மறுபடி கூட்டினால், சேமித்து வைத்த ஆற்றல் தூக்குவிசையாக மாறும். ஹெலிகாப்டர் மெல்லத் தரையில் உட்காரும். இதற்கு ஆட்டோரொட்டேஷன் என்று பெயர். கரணம் தப்பினால் மரணம் என்பார்களே, அதுபோல இதற்கு ஒரே ஒரு வாய்ப்புதான். ஆற்றலைச் சீக்கிரம் செலவழித்துவிட்டால் மீதித் தூரம் கல்லைப்போல விழ வேண்டியதுதான்.

பெரிய ஹெலிகாப்டர்களிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. எஞ்சின் நின்றாலும் பாதுகாப்பாக இறங்க விமானிகள் பயிற்சி பெறுகிறார்கள். எஞ்சினின் உதவி இல்லாமல் காற்றே சுழலியைச் சுற்றும் என்பதை உலகுக்குக் காட்டியவர் ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் ஹுவான் டி லா சியர்வா. அவர் உருவாக்கிய ஆட்டோஜைரோ 1923ஆம் ஆண்டு ஜனவரியில் பறந்தது. அதன் முன்புறத்து எஞ்சின் வண்டியை முன்னால் இழுத்தது. மேலே இருந்த சுழலியைக் காற்றுதான் சுற்றியது.

மாதிரி ஹெலிகாப்டரில் ஒருவழி பேரிங் இறுகிப் போயிருந்தால் என்ன ஆகும்? நின்றுபோன மோட்டாரையும் பல்சக்கரங்களையும் சுழலி தன்னோடு இழுத்துக்கொண்டு சுற்ற வேண்டும். அந்த 112 ஜூல் வீணாகக் கரையும். மாறாக, பேரிங் பூட்ட வேண்டிய நேரத்தில் வழுக்கினால், மோட்டார் கத்திக்கொண்டு ஓடும். சுழலி வேகம் இழக்கும். ஹெலிகாப்டர் கீழே வரும்.

ஓசையில்லாத ஆப்பு

சைக்கிளில் ‘டிக் டிக்’ ஓசை தருவது பல்லும் தாழும். சிறிய தாழ் ஒன்று பற்களின் மேல் ஒரு திசையில் வழுக்கிச் செல்லும். மறு திசையில் பல்லில் மாட்டிக்கொள்ளும். ஆனால் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே வெற்றிடம் இருக்கிறது. மிதிக்கும்போது அந்த இடைவெளியைக் கடந்துதான் தாழ் பல்லைப் பிடிக்கும். நம் கால் வேகத்துக்கு அது பரவாயில்லை. நொடிக்கு 40 முறைக்கு மேல் சுற்றும் ஹெலிகாப்டர் தண்டில் அப்படி ஓர் இடைவெளி இருந்தால் ஒவ்வொரு பிடிப்பும் சம்மட்டி அடியாக விழும்.

எனவே ஒருவழி பேரிங்கில் பற்களே கிடையாது. அதன் வெளிவளையத்தின் உட்புறம் முழு வட்டமாக இருக்காது. வரிசையாகச் சிறு சரிவுகள் இருக்கும். ஒவ்வொரு சரிவிலும் ஊசி போன்ற ஓர் எஃகு உருளை. அதன் பின்னால் ஒரு சிறு ஸ்பிரிங். சரிவின் ஒரு பக்கத்தில் இடம் அகலமாகவும் மறு பக்கத்தில் குறுகலாகவும் இருக்கும். ஸ்பிரிங் உருளையைக் குறுகலான பக்கத்தை நோக்கி மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

வெளிவளையம் ஒரு திசையில் சுற்றினால் உருளை குறுகலான இடத்துக்குள் இழுக்கப்பட்டு, வளையத்துக்கும் ஸ்லீவுக்கும் நடுவே ஆப்புபோல இறுகிவிடும். எவ்வளவு பலமாகச் சுற்றுகிறோமோ அவ்வளவு இறுகும். மறு திசையில் சுற்றினால் உருளை அகலமான பக்கம் நகர்ந்து விடுதலை அடையும். உங்கள் வீட்டுக் கதவின் அடியில் செருகும் மர ஆப்பை நினைத்துப் பாருங்கள். கதவைத் தள்ளத் தள்ள ஆப்பு இறுகும். கதவை எதிர்ப்பக்கம் இழுத்தால் ஆப்பு தானே தளர்ந்துவிடும்.

இந்தச் சிறு பொறி நம்மைச் சுற்றிப் பல இடங்களில் இருக்கிறது. மீன்பிடிக்கும் தூண்டில் ரீலின் கைப்பிடி பின்பக்கம் சுற்றாமல் உடனே நிற்கிறது அல்லவா? பல ரீல்களில் அதைச் செய்வது ஒருவழி பேரிங்தான். பட்டனை அழுத்தினால் கிளம்பும் மோட்டார்சைக்கிளில், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஸ்டார்ட்டர் மோட்டாரை விலக்கிவிடுவதும் இதே வகைப் பாகம்தான்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். பேரிங் என்றாலே உராய்வைக் குறைக்கும் பொருள் என்றுதான் படித்திருக்கிறோம். ஒருவழி பேரிங்கோ உராய்வை நம்பிப் பிழைக்கிறது. ஆப்பு நிற்க வேண்டுமானால் அதன் கோணம் சிறியதாக இருக்க வேண்டும். உராய்வு போதுமானதாக இருக்க வேண்டும். கணக்குப்படி, ஆப்புக் கோணத்தில் பாதியின் டான்ஜென்ட் மதிப்பு உராய்வுக் கெழுவைவிடக் குறைவாக இருந்தால்தான் உருளை பிடிக்கும். எண்ணெய் பூசிய எஃகுப் பரப்புகளுக்கு உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.1 என்று எடுத்துக்கொண்டால், அந்தப் பாதிக் கோணம் 5.7 பாகைக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் உருளை பிடிக்காமல் நழுவிவிடும்.

பாதி பேரிங் என்றது ஏன்?

சாதாரண பால் பேரிங்கில் வெளிவளையம், உள்வளையம் என இரண்டும் இருக்கும். ஒருவழி பேரிங்கை எடுத்து உள்ளே பாருங்கள். உள்வளையம் இருக்காது. உருளைகள் நேரே ஸ்லீவின் மேல்தான் உருளுகின்றன. அதாவது, ஹெலிகாப்டரில் இருக்கும் ஸ்லீவ்தான் இதன் உள்வளையம். அது கடினமாகவும் வழவழப்பாகவும் சரியான அளவிலும் இருந்தால்தான் பேரிங் வேலை செய்யும்.

அடுத்து வெளிவளையம். அது தடித்த எஃகு வளையமன்று; மெல்லிய தகட்டை இழுத்துச் செய்த கிண்ணம். 450 வகை மாதிரிகள் பலவற்றில் பயன்படும் பேரிங்கின் உள்ளளவு 6 மி.மீ., வெளியளவு 10 மி.மீ., அகலம் 12 மி.மீ. உள்ளளவுக்கும் வெளியளவுக்கும் நடுவே ஒரு பக்கம் 2 மி.மீ. இடம்தான் இருக்கிறது. அதற்குள் உருளையும் இருக்க வேண்டும், சுவரும் இருக்க வேண்டும். ஆகவே சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இவ்வளவு மெல்லிய கிண்ணம் தனியாக இருக்கும்போது துல்லியமான வட்டமாக இருக்காது. ஹப்பின் துளைக்குள் இறுக்கமாகப் போய் உட்காரும்போதுதான் அது துளையின் வட்டத்தைத் தானும் பெறுகிறது.

அந்தக் கிண்ணம் தாங்க வேண்டிய விசையையும் கணக்கிடுவோம். மோட்டார் 300 வாட் திறனைத் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 2500 சுற்று என்றால் தண்டின் முறுக்குவிசை சுமார் 1.15 நியூட்டன் மீட்டர். ஸ்லீவின் ஆரம் 3 மி.மீ. மட்டுமே. ஆகவே அதன் பரப்பில் உருளைகள் சுமார் 380 நியூட்டன் விசையோடு பிடிக்க வேண்டும். அது 39 கிலோ பொருளின் எடைக்குச் சமம். உராய்வுக் கெழு 0.1 என்றால், அந்தப் பிடிப்புக்காக உருளைகள் அழுத்த வேண்டிய விசை குறைந்தது பத்து மடங்கு. அதாவது 3800 நியூட்டன். எல்லா உருளைகளும் சேர்ந்து இந்த விசையோடு கிண்ணத்தின் சுவரை வெளிப்பக்கம் தள்ளுகின்றன. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகடு தனியாக அதைத் தாங்காது; விரிந்துவிடும். ஹப் சுற்றிலும் அணைத்துப் பிடித்திருப்பதால்தான் தாங்குகிறது.

ஆக, உள்வளையம் ஸ்லீவிடம் இருக்கிறது. வட்டமும் வலுவும் ஹப்பிடம் இருக்கின்றன. இந்த மூன்றையும் ஒன்றுசேர்த்து முழு பேரிங் ஆக்குவது பொருத்துகிறவரின் கை. இனி வரும் ஒவ்வொரு படியும் இதிலிருந்தே பிறக்கிறது.

பிரித்துப் பார்க்கும்போது

வேலையைத் தொடங்கும் முன் மின்கலத்தைக் கழற்றுங்கள். இறக்கைகளையும் கழற்றித் தனியே வையுங்கள். நாம் எடுத்துக்கொண்ட ஹெலிகாப்டரில் இறக்கையின் நுனி நொடிக்கு 92 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 330 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. 2013இல் நியூயார்க் நகரப் பூங்கா ஒன்றில் மாதிரி ஹெலிகாப்டரின் இறக்கை பட்டு அதை இயக்கியவரே உயிரிழந்தார். ‘விளையாட்டுப் பொருள்’ என்று நினைக்கவே கூடாது.

பிரித்ததும் முதலில் ஸ்லீவைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். உருளைகள் ஓடிய இடம் பளபளப்பாக இருந்தால் பிழையில்லை. விரல் நகத்தால் நீளவாக்கிலும் சுற்றுவாக்கிலும் வருடிப் பாருங்கள். வரிகளோ பள்ளங்களோ நகத்தில் தட்டினால் ஸ்லீவையும் சேர்த்து மாற்றுங்கள். தேய்ந்த உள்வளையத்தின் மேல் புது பேரிங்கைப் போட்டுப் பயனில்லை. மணல்தாளால் தேய்த்துச் சமன் செய்யவும் வேண்டாம். தேய்த்தால் அளவு குறையும். அளவு குறைந்தால் உருளை சரிவில் வேறோர் இடத்தில் போய் நிற்கும். ஆப்புக் கோணமும் மாறிவிடும்.

பழைய பேரிங் ஹப்பின் விளிம்பிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வெளியே தள்ளுங்கள். தள்ளி எடுத்த பேரிங்கை மறுபடி பயன்படுத்தக் கூடாது. அதன் மெல்லிய சுவர் வெளியே வரும்போதே உருக்குலைந்திருக்கும்.

அம்புக்குறி எந்தப் பக்கம்?

ஒருவழி பேரிங்கில் இடது வகை, வலது வகை என்று இல்லை. திருப்பிப் போட்டால் திசை மாறிவிடும். கண்ணாடிக் கடிகாரத்தைப் பின்பக்கமிருந்து பார்த்தால் முள் எதிர்த்திசையில் சுற்றுவதுபோலத் தெரியும் அல்லவா, அதே கதைதான். பொதுவாகக் கிண்ணத்தின் முகப்பில் ஓர் அம்புக்குறி பொறித்திருப்பார்கள். வெளிவளையம் அந்தத் திசையில் சுற்றினால் பூட்டிக்கொள்ளும் என்பது அதன் பொருள்.

பெரும்பாலான மாதிரி ஹெலிகாப்டர்களின் சுழலி, மேலிருந்து பார்த்தால், கடிகார முள் திசையில் சுற்றும். மோட்டார் ஹப்பை அதே திசையில் சுற்றித் தண்டை இழுத்துச் செல்ல வேண்டும். எனவே மேலிருந்து பார்க்கும்போது ஹப் கடிகார முள் திசையில் சுற்றினால் பூட்ட வேண்டும்.

அம்புக்குறியை மட்டும் நம்பாமல், பொருத்தும் முன் கையாலும் சோதியுங்கள். ஸ்லீவை ஒரு கையில் நேராகப் பிடித்துக்கொண்டு பேரிங்கை அதன்மேல் செருகிச் சுற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் மேலே இருக்கும்போது கடிகார முள் திசையில் பிடிக்கிறதோ அந்தப் பக்கத்தில் பேனாவால் புள்ளி வையுங்கள். பிடிப்பு கொஞ்சம் மெத்தென்று இருந்தால் கவலைப்பட வேண்டாம். கிண்ணம் இன்னும் ஹப்புக்குள் போகவில்லை. அது இன்னும் பாதி பேரிங்தான். இந்தச் சோதனை திசையைச் சொல்லும், வலுவைச் சொல்லாது.

சூடும் அழுத்தமும்

துளையையும் பேரிங்கின் வெளிப்பரப்பையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடையுங்கள். துடைக்கும் ஆல்கஹால் பேரிங்கின் உள்ளே போகக் கூடாது. துளையின் விளிம்பில் பிசிறு இருந்தால் எடுத்துவிடுங்கள்.

துளை இறுக்கமாக இருந்தால் இயற்பியலை உதவிக்கு அழைக்கலாம். அலுமினிய ஹப்பைச் சூடாக்கினால் துளை விரியுமா, சுருங்குமா? உலோகம் எல்லாப் பக்கமும் விரிவதால் துளை சுருங்கும் என்று வகுப்பில் பலர் கை தூக்குவார்கள். ஆனால் துளையும் விரியத்தான் செய்யும். ஊறுகாய் பாட்டிலின் இறுகிய மூடியைச் சுடுநீரில் காட்டித் திறப்பதும் இதனால்தான். அலுமினியம் ஒரு பாகை செல்சியஸுக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும். 30 பாகையில் இருக்கும் ஹப்பை 110 பாகைக்குக் கொண்டுபோனால், 10 மி.மீ. துளை 0.018 மி.மீ. பெரிதாகும். தலைமுடியின் பருமனில் நான்கில் ஒரு பங்குதான் இது. ஆனாலும் தள்ளுவதற்கும் மோதுவதற்கும் உள்ள வேறுபாட்டை இது உண்டாக்கும்.

சூடாக்கும் வேலையைப் பெரியவர் ஒருவரின் துணையோடு மட்டும் செய்யுங்கள். பிளாஸ்டிக் பல்சக்கரத்தை முதலில் ஹப்பிலிருந்து கழற்றிவிடுங்கள். ஹப்பை மட்டும் சூடாக்குங்கள். பேரிங்கைச் சூடாக்கக் கூடாது. சூடான ஹப்பில் பேரிங் பட்டதும் அதுவும் சூடேறி விரியத் தொடங்கும் என்பதால் தயங்காமல் ஒரே மூச்சில் தள்ள வேண்டும். ஹப்பே பிளாஸ்டிக்காக இருந்தால் சூடாக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

தள்ளுவதற்குச் சுத்தியல் வேண்டாம். சுத்தியல் அடி ஒவ்வொரு முறையும் ஒரு பக்கமாகத்தான் விழும். மெல்லிய கிண்ணம் சாய்ந்து, நசுங்கி, உருளைகள் சிக்கிக்கொள்ளும். மேசையில் பொருத்திய வைஸே போதும். தட்டையான முனையுள்ள ஒரு கம்பியைக் கிண்ணத்தின் முகப்புக்கு நேராக வைத்து வைஸை மெல்லத் திருகுங்கள். அந்தக் கம்பி 10 மில்லிமீட்டருக்குச் சற்றே மெலிந்ததாக இருக்கட்டும். அப்போதுதான் அழுத்தம் கிண்ணத்தின் விளிம்பில் விழும். கம்பியும் துளைக்குள் தடையில்லாமல் போகும். பாதியில் நிறுத்தி, நேராகப் போகிறதா என்று இரண்டு பக்கமிருந்தும் பாருங்கள். எழுதி வைத்த ஆழம் வந்ததும் நிறுத்துங்கள்.

சில ஹப்புகளில் பசையும் தேவைப்படும். இதற்கென்று விற்கப்படும் பசை விநோதமானது: காற்று பட்டால் இறுகாது; காற்றில்லாத இடுக்கில் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் இறுகும். அதனால்தான் ஒரு சொட்டு பேரிங்குக்குள் போனாலும் ஆபத்து. உருளைகளுக்கு நடுவே அதற்கு வேண்டிய இடுக்கும் உலோகமும் தாராளமாக இருக்கின்றன. பேரிங்கின் வெளிப்பரப்பில் நடுப்பகுதியில் மட்டும் மெல்லிய பட்டையாகத் தடவுங்கள். இரண்டு விளிம்புகளிலும் தடவ வேண்டாம். தள்ளியதும் வெளியே பிதுங்குவதை உடனே துடைத்துவிடுங்கள். பசை நன்றாக இறுகும்வரை ஸ்லீவைச் செருகாதீர்கள். சூடும் பசையும் ஒன்றாக வேண்டாம். ஹப்பின் கையேடு சொல்லும் முறையைப் பின்பற்றுங்கள்.

கிரீஸ் கொஞ்சமே போதும்

‘சுற்றும் இடமெல்லாம் கிரீஸ்’ என்பது இங்கே பொருந்தாது. கிரீஸே இல்லாவிட்டால், சுழலி விடுதலையாகச் சுற்றும்போது உருளைகள் ஸ்லீவைத் தேய்க்கும். நம் நாட்டு ஈரப்பதத்தில் துருவும் பிடிக்கும். அதற்காகக் கெட்டியான கிரீஸை அப்பினால் வேறு தொல்லை. உருளையைத் தள்ளும் ஸ்பிரிங் மிக மெலிது. கெட்டி கிரீஸில் உருளை சேற்றில் கால் மாட்டியதுபோலத் தாமதமாக நகரும். உராய்வை மிகவும் குறைக்கும் பொருள்கள் கலந்த கிரீஸும் கூடாது. சற்றுமுன் பார்த்த கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: உராய்வுக் கெழு குறைந்தால் ஆப்பு நிற்காது. மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு அல்லது இளகிய கிரீஸ் சிறிதளவு போதும்.

ஸ்லீவைச் செருகும்போது நேரே குத்தித் தள்ளாதீர்கள். விடுதலையாகச் சுற்றும் திசையில் மெல்லத் திருகிக்கொண்டே செருகினால் உருளைகள் தாமே வழிவிடும்.

பறக்கும் முன் மூன்று சோதனைகள்

எல்லாவற்றையும் கோத்த பிறகு, இறக்கைகள் இல்லாமலேயே பெரிய பல்சக்கரத்தைக் கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு சுழலியின் தலைப்பகுதியைச் சுற்றுங்கள். மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள் திசையில் தடையில்லாமல் ஓட வேண்டும். எதிர்த்திசையில் உடனே நிற்க வேண்டும். இது முதல் சோதனை.

எதிர்த்திசையில் படிப்படியாகப் பலத்தைக் கூட்டிப் பாருங்கள். இடையில் ‘களுக்’ என்று நழுவினால் பறக்கவிடக் கூடாது. இது இரண்டாவது.

மூன்றாவது, ஒரு சிறு தந்திரம். பேரிங்கின் கிண்ணத்துக்கும் ஹப்புக்கும் குறுக்கே நிரந்தர மையால் ஒரு கோடு போடுங்கள். பின்னொரு நாள் வழுக்கல் தெரிந்தால் அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து விலகியிருந்தால் கிண்ணமே ஹப்புக்குள் சுற்றுகிறது. இறுக்கம் போதவில்லை என்று பொருள். கோடு நேராகவே இருந்தால் பழி உருளைகள் மேல் அல்லது ஸ்லீவ் மேல். எங்கே பிழை என்று ஊகிக்கத் தேவையில்லை; கோடே சொல்லிவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஹெலிகாப்டர் இல்லாதவர்களும் இந்த ஆப்பின் இரகசியத்தைக் கண்டறியலாம். இரண்டு பிளாஸ்டிக் அளவுகோல்களை ஒரு முனையில் ரப்பர் வளையத்தால் கட்டி, ‘வி’ வடிவமாக விரியுங்கள். நடுவில் உருண்டையான பென்சில் ஒன்றைக் குறுக்காக வைத்து, அளவுகோல்களின் திறந்த முனைகளை ஒன்றையொன்று நோக்கி அழுத்துங்கள். கோணம் பெரிதாக இருந்தால் பென்சில் வெளியே பிதுங்கி ஓடும். கோணத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் எவ்வளவு அழுத்தினாலும் பென்சில் நகராது. அந்தக் கோணத்தைக் கோணமானியால் அளந்து, பாதியாக்கி, அதன் டான்ஜென்ட் மதிப்பைக் கண்டுபிடியுங்கள். அதுதான் பென்சிலுக்கும் அளவுகோலுக்கும் உள்ள உராய்வுக் கெழு. பிறகு பென்சிலில் சமையல் எண்ணெய் தடவி மறுபடி அளந்து பாருங்கள். கோணம் என்ன ஆனது? கிரீஸைப் பற்றிச் சொன்னதன் காரணம் உங்கள் கையிலேயே தெரியும்.

கடைசியாக ஒரு கேள்வி. ஒரே ஹப்புக்குள் இரண்டு ஒருவழி பேரிங்குகளை அடுத்தடுத்துப் பொருத்துகிறோம். இரண்டின் வழியாகவும் ஒரே ஸ்லீவ் போகிறது. ஒன்றின் அம்புக்குறி கடிகார முள் திசையிலும் மற்றதன் அம்புக்குறி எதிர்த்திசையிலும் இருந்தால், அந்த ஹெலிகாப்டரின் மோட்டாரைத் தொடக்கியதும் என்ன ஆகும்? பறந்துகொண்டிருக்கும்போது மோட்டார் நின்றால் என்ன ஆகும்? உருளைகள் எந்தப் பக்கம் நகரும் என்று தாளில் படம் வரைந்து பாருங்கள். விடை அந்தப் படத்திலேயே இருக்கிறது.